குவால்காம் 1,000 டாலர்: கணிப்பா, ஊதிவிட்ட பலூனா?

சந்தேகப்பேர்வழி:
பங்குச்சந்தை அனலிஸ்ட் (பங்கை அலசி ‘வாங்கு, வில்’னு சொல்றவர்) ரிப்போர்ட்டை வேதவாக்கா எடுத்துக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 1999 டிசம்பர் 29. பெயின்வெப்பர்ங்கிற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தோட அனலிஸ்ட் ஒருத்தர், செல்போன் தொழில்நுட்பக் கம்பெனியான குவால்காமோட பங்குக்கு 12 மாச இலக்கு விலை 1,000 டாலர்னு எழுதினார். அன்னிக்கே பங்கு 156 டாலர் ஏறி 659-ல முடிஞ்சது. அந்த ஒரு நாள்ல கம்பெனியில என்னதான் மாறிடுச்சு? ஒரு பங்கை நாலு பங்கா பிரிச்ச பிறகு அந்த இலக்கு 250. பங்கு 200 வரைக்கும் எட்டிப் பார்த்துட்டு, 2002-ல 30-க்கும் கீழே போச்சு.

பழைய டவர்காரன்:
பாதிக் கதைதான் சொல்றீங்க. அதுக்கு முன்னாடி இதே கம்பெனியோட சிடிஎம்ஏ (பல போன்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துக்கிற முறை) பௌதிக விதிக்கே ஒத்து வராதுன்னு சொன்னவங்களும் உண்டு. 1995-லயே ஹாங்காங்ல ஹட்சிசன் கம்பெனி சிடிஎம்ஏ சேவையை ஆரம்பிச்சாச்சு, அடுத்த வருஷம் தென்கொரியா. சிக்கல் இல்லாம இல்லை. எல்லாரும் ஒரே அலைவரிசையில பேசறதால, டவர் பக்கத்துல இருக்கிற போன் தூரத்துல இருக்கிறவன் சிக்னலை அமுக்கிடும். அதுக்குத்தான் டவர் ஒவ்வொரு போனுக்கும் ‘சிக்னல் சக்தியைக் கூட்டு, குறை’ன்னு நொடிக்கு 800 தடவை உத்தரவு போடும். இதை எழுதினா யார் படிப்பா? போட்டி முறையான ஜிஎஸ்எம்மையும் சேர்த்து ‘ஜிஎஸ்எம் - சிடிஎம்ஏ யுத்தம்’னு போட்டாதான் பேப்பர் விக்கும். யுத்தம் எப்படி முடிஞ்சது? ஜிஎஸ்எம் பக்கம் இருந்த எரிக்சன் 1999 மார்ச்சில் சமரசம் பண்ணி, குவால்காமோட நெட்வொர்க் கருவிப் பிரிவையே வாங்கிக்கிச்சு. ஜிஎஸ்எம் கட்சிக்காரங்க 3ஜி-க்கு எடுத்துக்கிட்டதும் சிடிஎம்ஏவோட இன்னொரு வடிவமான டபிள்யூசிடிஎம்ஏதான். மத்ததெல்லாம் நுரை.

சந்தேகப்பேர்வழி:
200-க்கு வாங்கினவன்கிட்ட போய் ‘நுரை’ன்னு சொல்லிப் பாருங்க சார்.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேருமே அனலிஸ்டுக்குச் சம்பளம் எங்கிருந்து வருதுன்னு கேக்கலையே? சிட்டிகுரூப்புக்குச் சொந்தமான சாலமன் ஸ்மித் பார்னி வங்கியோட அனலிஸ்ட் ஜாக் க்ரப்மேன் 1999 நவம்பர்ல ஏடி அண்ட் டி பங்கை ‘வாங்கு’ன்னு உயர்த்தினார். 2000 ஏப்ரல்ல ஏடி அண்ட் டி வயர்லெஸ் 10.6 பில்லியன் டாலர் ஐபிஓ (முதல் பங்கு வெளியீடு). நடத்தின வங்கிகள்ல சாலமனும் ஒன்னு. பங்கை உயர்த்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தன்னோட இரட்டைக் குழந்தைகளுக்கு நர்சரியில இடம் வாங்க சிட்டிகுரூப் தலைவர் சாண்டி வைல் உதவியைக் கேட்டிருந்தார் க்ரப்மேன். (எல்கேஜி அட்மிஷன் படுத்துற பாடு!) 2003-ல 1.5 கோடி டாலர் அபராதம், ஆயுளுக்கும் தடை. குற்றத்தை ஒப்புக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பழைய டவர்காரன்:
அதையும் 1,000 டாலரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. தப்பா கணிக்கிறது வேற, கூலிக்கு மாரடிக்கிறது வேற.

கணக்குப்பிள்ளை:
படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டுலயும் ‘வாங்கு’ன்னுதானே இருக்கு. ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போடற டிஸ்க்ளோஷரை (அந்தக் கம்பெனியோட தங்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல்ங்கிற அறிவிப்பை) நீங்க என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?

பழைய டவர்காரன்:
இல்லை. இலக்கு விலையையும் பார்க்கிறதில்லை. கம்பெனிக்குக் காப்புரிமை ராயல்டி எவ்வளவு வந்துச்சுன்னு மட்டும் பார்ப்பேன்.

சந்தேகப்பேர்வழி:
ராயல்டி கணக்கை எதுல பார்ப்பீங்க? அனலிஸ்ட் ரிப்போர்ட்லயா? 😄

பழைய டவர்காரன்:
கம்பெனி தாக்கல் பண்ற ஆண்டறிக்கையில. அதுல படம் இருக்காது, அதான் யாரும் தொடறதில்லை.