மறுமொழி: 'மணக்கரிமம்' வேண்டாம், 'எளிதாவி' போதும்

அன்புடையீர்,

எரிபொருளுக்காக வளர்க்கும் பயிர்கள் வெளிவிடும் ஆவிகள் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். அதில் ஒருவர் கேட்டிருந்தார்:

> பயிர்கள் வெளிவிடும் கரிம ஆவிகளுக்கு 'மணக்கரிமம்' என்று பெயர் வைக்கலாமே?

சொல் காதுக்கு இனிக்கிறது, பொருளைக் கெடுக்கிறது. நேற்று மாட்டுக்கு நேப்பியர் புல் அறுத்தேன். அரிவாள் பட்டதும் குப்பென்று எழுந்த பச்சை வாடை, ஆறு கரிம அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளின் வேலை. அதை மணக்கரிமம் என்றால் தகும். ஆனால் தைலமரம், பாப்லர், வில்லோ ஆகிய மரங்கள் வெயிலில் ஏராளமாக வெளிவிடும் ஐசோப்ரீன் என்ற கரிம ஆவியைக் காற்றில் எந்த மூக்கும் அறியாது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனைப் பெருக்குவதோ அதுதான்.

நம் பாடநூலின் 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மம்' பிழையற்றது, தலைப்பில் அடங்காது. இலங்கை வழக்கான 'ஆவிப்பறப்புள்ள' எனக்கு மிகவும் பிடிக்கும், அதுவும் நீளம். 'விரைவாவி' என்று ஒருவர் எழுதியிருந்தார். விரைவு இங்கே பேச்சில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாவதுதான் பேச்சு. ஐசோப்ரீனின் கொதிநிலை 34 டிகிரி செல்சியஸ். சித்திரை மதியத்தில் சென்னைக்கு அது ஒரு பொருட்டா? ஆகவே 'எளிதாவி'. முதல்முறை மட்டும் 'எளிதாவிக் கரிமச் சேர்மம்' என்று விரித்தெழுதலாம்.

வெளிவிடுதலுக்கு 'உமிழ்வு' இருக்கட்டும். மரம் துப்புமா என்று என் மகள் கேட்டாள். ஆனாலும் 'கார்பன் உமிழ்வு' வேரூன்றிவிட்டது.

உண்மையான சிக்கல் எதிர் இணையில் இருக்கிறது: எரிபொருளுக்காக வளர்ப்பதற்கு ஒரு பெயர், உணவுக்கும் தீவனத்துக்கும் வழக்கமாக வளர்ப்பதற்கு இன்னொரு பெயர் வேண்டும். 'மரபுப் பயிர்' என்றால் நம்மவர்க்கு மாப்பிள்ளைச் சம்பாதான் நினைவுக்கு வரும். 'வழக்கப் பயிர்' என்போம். 'ஆற்றல் பயிர்' என்பது ஏதோ சத்து மாவு போல ஒலிக்கிறது. 'எரிபொருள் பயிர்' நேரானது. ஆனால் அமெரிக்காவில் எத்தனாலுக்குப் போகும் மக்காச்சோளமும் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளமும் ஒரே செடி. விற்கும் இடம் மாறியதற்காக இலை வேறு ஆவியை விடாது. மிஸ்காந்தஸ் என்ற உயரமான புல்லும் எரிபொருள் பயிர்தான், அது ஐசோப்ரீனை அநேகமாக விடுவதே இல்லை. எனவே கட்டுரையில் 'எரிபொருள் பயிர்களின் எளிதாவி' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் செடியின் பெயரைச் சொல்லிவிடுங்கள்: 'கோதுமை வயலில் பாப்லர் நட்டால் எளிதாவி உமிழ்வு கூடும்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை.

'எரிபொருட்பயிர்' என்று புணர்த்துவதா, பிரித்தே விடுவதா? இலக்கணம் அறிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். கட்டுரை அன்று அச்சுக்குப் போகிறது.