கடலடி கேபிள் வருமுன், வந்த பின்

அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வளர்ந்த எங்களுக்கு 2020 வரை இணையம் என்றால் செயற்கைக்கோள்தான். கல்லூரி விண்ணப்பம் போன்ற அவசர வேலைகளுக்கு, சென்னையிலிருந்த சித்தப்பாவிடம் தொலைபேசியில் விவரங்களைச் சொல்லி நிரப்பச் செய்வதே எங்கள் வீட்டு வழக்கம். கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக உரக்கச் சொன்னதைத் தெருவே கேட்டிருக்கும்.

வேகக் குறைவைவிடத் தாமதமே எங்களை அதிகம் வாட்டியது. எங்களுக்கு இணையம் தந்த செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், பேசியது மேலே சென்று இறங்கக் கால் நொடியும், பதில் வந்து சேர மேலும் கால் நொடியும் ஆகும். வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லுப்பா", "இல்லை, நீங்க சொல்லுங்க சித்தப்பா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது, போர்ட் பிளேயரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளையும் இணைக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பாய்வதால், சென்னையுடனான தாமதம் காதுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் கடலடி கேபிள் கரையோடு நின்றுவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் வீடு வரை ஃபைபர் இழுக்கப்படும் வரை, மழை பெய்தால் பழைய செம்புக் கம்பி தன் குணத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது.

*

தீவு நண்பர் எழுதியதோடு பெருநகர அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கடலடி கேபிள்கள் அறுந்தபோது, ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்யும் சென்னை நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் பிரிவில் இருந்தேன். இரு வேறு சேவையாளர்களிடம் இணைப்பு வாங்கியிருந்தும் இரண்டும் எகிப்து வழியான அந்த ஒரே குறுகிய பாதையில் சென்றதால், மாற்று இணைப்பு என்பது காகிதத்தில் மட்டுமே இருந்தது. லண்டனுக்கான தரவு சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா என்று உலகைச் சுற்றிச் சென்றது. திரையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் சென்னையில் சிங்கப்பூர் நோக்கிய கேபிள்கள் பல கரையேறியிருந்ததால் சுற்றிச் செல்லவாவது வழி இருந்தது. அதன் பிறகு ஒப்பந்தம் போடும்போதெல்லாம், விலையைப் பேசுவதற்கு முன்பே, கேபிள் எந்தக் கடல் வழியாகச் செல்கிறது என்ற வரைபடத்தை எங்கள் பிரிவு கேட்டு வாங்கியது.