அப்பச்சியோட பிரான்மலை ஏறலாமா?

தேவகோட்டைக்காரி:
அப்பச்சிக்கு 68 வயசு, தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெத்தவுக. மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன்னு உழாமலே நாலும் விளையும்னு கபிலர் பாடின பாரியோட மலையை உச்சி வரைக்கும் பாத்துடணும்னு ஒரே பிடியா நிக்கிறாக. குன்றக்குடிப் படி ஏறுவாக, ஆனா இப்ப முழங்கால்ல லேசா வலி. கார்ல வர்றோம். எந்த மாசம், எத்தனை மணிக்கு ஏறுனா நல்லது?

மலையடிவாரம்:
தாராளமா கூட்டிட்டு வாங்க ஆச்சி. குன்றக்குடியை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு வராதீக. அது குன்று, இது 2,500 அடிக்குப் பக்கம். உச்சி வரைக்கும் சீரான படி கிடையாது, பாறையில பாத்துத்தான் கால் வைக்கணும். விடியும்போதே ஏற ஆரம்பிச்சிருங்க. ஒன்பது மணிக்கு மேல பாறை சூடேறிரும், ஒதுங்க நிழலும் கம்மி. ஐப்பசி, கார்த்திகையில வழுக்கும். தை, மாசிதான் தோது.

முழங்கால் வலிக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் சோதனை. கையில கம்பு குடுத்து, பக்கவாட்டா காலை வச்சு மெதுவா இறங்கச் சொல்லுங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராவது வேணும். சாப்பாட்டைத் தோள் பையில வைங்க, கையில கேரி பேக்கைப் பாத்தா குரங்கு விடாது.

உச்சியில தர்கா இருக்கு. அதுவரைக்கும் முடியலைன்னாலும் அப்பச்சி மனசு குறையாது. கொடுங்குன்றநாதர் கோயிலே பாதாளம், பூமி, கயிலாயம்னு மூணு அடுக்கு. சம்பந்தர் பாடின தலம், அவுகளே உங்களுக்கு விளக்கிச் சொல்லுவாக.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். வர்றவுக காலிப் பாட்டிலைச் சுனையில வீசிட்டுப் போயிர்றாக. அந்தத் தண்ணியைத்தான் எங்க ஊரு ஆடு குடிக்குது. பாக்கும்போது வயிறு எரியுது. கொண்டு வந்ததைக் கீழ கொண்டு போயிருங்க.

சிங்கம்புணரி:
மதியம் நடை சாத்திருவாக. வெயிலுக்கு முன்ன மலையை முடிச்சுட்டு, இறங்குன கையோட சாமி கும்பிட்டுருங்க. சாப்பாட்டுக்கு சிங்கம்புணரி வந்துட்டா கவலை இல்ல.

தேவகோட்டைக்காரி:
ரொம்ப நன்றி. இட்லிக்குப் பொடி தடவி எடுத்துட்டு, தை பொறந்ததும் வர்றோம். பாட்டிலைப் பத்திப் பிள்ளைககிட்டயும் சொல்லி வைக்கிறேன்.

மலையடிவாரம்:
தைப்பூசத்துக்கு முந்தின நாளுகள்னா திருப்பத்தூர் தாண்டினதும் காரை மெதுவா ஓட்டுங்க. பழனிக்கு நடக்குற நகரத்தார் கூட்டம் அந்த ரோட்டுலதான் இருட்டோட கிளம்பும்.