பழைய படங்களைக் காட்டி மிரட்டுகிறான், என்ன செய்வது?

கேள்வி:
என் தோழியை அவளுடைய முன்னாள் காதலன் இரண்டு வாரமாக மிரட்டுகிறான், பேசாவிட்டால் அந்தரங்கப் படங்களை எல்லோருக்கும் அனுப்பிவிடுவானாம். பயத்தில் எல்லா மெசேஜையும் அழித்துவிட்டுக் கணக்கை மூடப் போகிறேன் என்கிறாள். சரியா?

பதில் 1:
தயவுசெய்து அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. தேதி, நேரம், அவன் கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவனுக்குக் கடவுச்சொல் தெரியாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் 2021 முதல் இருக்கிறது. படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. ஹாஷ் எனும் அடையாளக் குறியீடு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும், அதே படத்தை யாராவது ஏற்றினால் கண்டுபிடித்துத் தடுக்கலாம். 18 வயதுக்குமுன் எடுத்த படம் என்றால் இதேபோன்ற டேக் இட் டவுன் என்ற தளத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தனிப்பட்ட சாட்டில் அனுப்புவதை இவற்றால் நிறுத்த முடியாது, அதனால் போலீஸ் புகாரும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவள் எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் இன்னும் பயம்.

பதில் 2:
அப்படியானால் அவள் போனை அவன் கண்காணிக்கலாம், அதிலிருந்து எதையும் தேடவே வேண்டாம். உங்கள் போனிலிருந்து அவள் ஈமெயில் கணக்கைத் திறந்து, வேறு எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது, இருப்பிடம் யாருடன் பகிரப்படுகிறது என்று பாருங்கள். உளவு செயலி இருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள், பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் நேரில் வரக்கூடும். முதலில் பெண்கள் உதவி எண்ணில் பேசி, அவள் தங்கப் பாதுகாப்பான இடம் பாருங்கள்.

பதில் 3:
ஏன் அனுப்பினாய் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். என்னிடம் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அதனாலேயே ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.