மறுவாசிப்பில் எல்லா வரியும் தடயமாகத் தெரிகிறது: எதை நம்புவது?

வெண்சிறகு கேட்கிறார்:

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் தொடரில் இதுவரை வந்த ஐந்து பாகங்களையும் படித்து முடித்துவிட்டேன். அடுத்து என்ன, அடுத்து என்ன என்ற வேகத்திலேயே ஓடிவிட்டது. இப்போது 1996-இல் வந்த முதல் பாகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன், இந்த முறை புதிர்களுக்காக. ஜான் ஸ்நோ யார் பெற்ற பிள்ளை என்பதற்கான விடை இந்த முதல் பாகத்திலேயே இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் 2016-லேயே அதைப் போட்டு உடைத்துவிட்டதால் விடை எனக்குத் தெரியும். புத்தகத்தில் அது எங்கே, எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை நானே கண்டுபிடிக்க ஆசை.

ஆனால் பென்சிலைக் கையில் எடுத்ததிலிருந்து எல்லாமே தடயமாகத் தெரிகிறது. ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தால்கூட ஏன் வைத்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. பக்கத்துக்குப் பத்து கோடு போட்டால் அது படிப்பதாகாது. ஆசிரியர் தெரிந்தே வைத்தது எது, நானாக ஏற்றிச் சொல்வது எது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

கதை முடிவுகளைத் தாராளமாகப் பேசலாம். ஹாரி பாட்டர் ஏழு பாகமும் படித்தாயிற்று, அங்கிருந்தும் உதாரணம் சொல்லலாம்.

பென்சில்முனை:

தடயம் என்று குறித்து வைக்காதீர்கள், கேள்வியாக எழுதி வையுங்கள். 'இது முக்கியம்' என்று கோடு போட்டால் பத்து நாள் கழித்து ஏன் போட்டோம் என்றே தெரியாது. 'இளவரசர் செத்தாயிற்று, ராஜாவும் செத்தாயிற்று, அப்புறம் மூன்று மெய்க்காவலர்கள் ஒரு கோபுரத்து வாசலில் யாருக்காக நிற்கிறார்கள்?' என்று எழுதினால் அந்தக் கேள்வி உங்களை விடாது. கேள்வியாக எழுத வராத வரியை அப்படியே கடந்து போய்விடுங்கள்.

வரிக்குவரி:

பென்சில்முனை சொல்வது சரி. நான் எந்த வரியை நம்புவேன், எதை விட்டுவிடுவேன் என்பதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

நல்ல புதிர் எழுத்தாளர் தடயத்தைச் சும்மா ஒரு மூலையில் போட்டு வைப்பதில்லை. அந்த வரிக்கு அந்தக் காட்சியிலேயே வேறு ஒரு வேலை கொடுத்துவிடுவார். சிரிக்க வைப்பது, ஒருவர் குணத்தைக் காட்டுவது, சண்டைக்குக் காரணம் சொல்வது என்று ஏதாவது ஒன்று. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்வதால் முதல் வாசிப்பில் நமக்குச் சந்தேகமே வராது. அதனால் மறுவாசிப்பில் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வரியின் வெளிப்படையான வேலை முடிந்த பிறகும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் பிடித்துக்கொள்வேன். மிச்சமில்லாத வரியில் நாமாக எதையாவது தேடினால் அது நம் கற்பனைதான்.

ஹாரி பாட்டரில் இதற்கு ஓர் அழகான இடம். ஐந்தாம் பாகம், 2003-இல் வந்தது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் பழைய வீட்டில் எல்லோரும் கண்ணாடி அலமாரியைக் காலி செய்கிறார்கள். இடுக்கி மாதிரி ஒரு வெள்ளிக் கருவி ஹாரியின் கையில் ஏறுகிறது. இசைப்பெட்டி ஒன்று பாட, எல்லோருக்கும் கண் சொருகுகிறது, ஜின்னி மூடியை அறைந்து சாத்துகிறாள். அடுத்து யாராலும் திறக்க முடியாத ஒரு கனமான லாக்கெட். அதற்கப்புறம் பழைய முத்திரைகள், பிறகு சிரியஸின் தாத்தா வாங்கிய விருது. அமைச்சகத்துக்கு நிறையத் தங்கம் கொடுத்திருப்பார், அதுதான் விருதுக்கு அர்த்தம் என்று சிரியஸ் சொல்கிறான். நமக்கு நினைவில் நிற்பது இசைப்பெட்டியும் தாத்தாவின் விருதும்தான், இரண்டிலும் சிரிப்பு இருக்கிறது. லாக்கெட்டுக்குக் கிடைப்பது அரை வரிதான். ஏழு பாகத்தின் மையப் புதிர்களில் ஒன்று அந்த அரை வரியில் உட்கார்ந்திருக்கிறது. ஹார்க்ரக்ஸ் (வில்லன் வோல்டமார்ட் தன் ஆன்மாவின் துண்டை ஒளித்து வைத்த பொருள், அந்த லாக்கெட்டும் அதில் ஒன்று) என்ற பேச்சே அடுத்த பாகத்தில்தான் வருகிறது, அது வந்தது 2005-இல்.

பட்டியல் வந்தால் வேகத்தைக் குறையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். முதல் பொருளையும் கடைசிப் பொருளையும் கண் பிடித்துக்கொள்ளும், நடுவில் இருப்பது நழுவிவிடும். ரௌலிங்குக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு உத்தி, தடயத்தோடு சமாதானத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுவது. மூன்றாம் பாகத்தில் நண்பன் ரான் ஹாரிக்கு ஓர் எச்சரிக்கைப் பம்பரம் அனுப்புகிறான், நம்பத் தகாதவர் பக்கத்தில் இருந்தால் அது ஒளிரும், சுழலும். விருந்தின்போது அது ஒளிர்ந்துகொண்டே இருந்ததாம். மட்டமான சரக்கு என்கிறான் அண்ணன் பில். இரட்டையர்கள் அவனுடைய சூப்பில் வண்டு போட்டிருந்தது அவனுக்குத் தெரியாது என்கிறான் ரான். நாமும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பம்பரம் வேலை செய்ததற்கு இப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், ரானோடு எப்போதும் இருக்கும் அந்த எலியை, எலி உருவில் ஒளிந்திருக்கும் துரோகியை, நினைக்கவே தோன்றாது. நான்காம் பாகத்தில் மூடி என்ற ஆசிரியர் தன் குடுவையிலிருந்து மட்டுமே குடிப்பதும் இதே வகை. விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயம், தீய மந்திரவாதிகளைப் பிடித்த பழைய வேட்டைக்காரர், ஆகவே நியாயம்தான் என்று விட்டுவிடுகிறோம். குடுவையில் இருந்தது உருமாற்றும் மருந்து, அவர் வேறு ஆள் என்பது கடைசியில்தான் தெரியும். ஒரு விசித்திரத்துக்கு யாரும் கேட்காமலே உடனே விளக்கம் வந்தால் அந்த விளக்கத்தைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் புத்தகம். ராணி செர்சியும், ஜானின் அப்பா என்று எல்லோரும் நம்பும் நெட் ஸ்டார்க்கும் கடவுள்தோப்பில் சந்திக்கும் அத்தியாயத்துக்குப் போங்கள். முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் உயிரா, தன் பிள்ளைகளின் உயிரா என்று வந்தால் நான் என்ன செய்வேன் என்று நெட் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறார். தன் பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாக நினைக்கிறார்: ராப், சான்சா, ஆர்யா, பிரான், ரிக்கான். ஐந்து பேர். ஜான் அதில் இல்லை. அடுத்த வாக்கியத்தில்தான் ஜான் வருகிறான், அதுவும் வேறு கேள்விக்குள்: ஜானின் உயிரா, தான் பெற்ற பிள்ளைகளா என்று வந்தால் மனைவி கேட்லின் என்ன செய்வாள்?

மேலோட்டமாகப் படித்தால் இது கேட்லினின் மனக்கசப்பைப் பற்றிய வரி. முறைதவறிப் பிறந்த பிள்ளைமேல் மனைவிக்கு இருக்கும் வெறுப்பு நமக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் தடங்கல் இல்லாமல் போய்விடும். ஆனால் இது நெட்டின் சொந்த மனம். அங்கே யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜான் தன் மகன் என்றால் அந்த ஐந்து பெயரோடு ஆறாவதாக வந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் நான் சொன்ன மிச்சம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஜானின் தாய் யார் என்று கேட்லின் கேட்கும்போது, அவன் என் ரத்தம், உனக்கு அது தெரிந்தால் போதும் என்கிறார் நெட். அவர் பொய் சொல்லவே இல்லை. தங்கை பெற்ற பிள்ளையும் ரத்தம்தானே.

வெண்சிறகு:

அந்த ஐந்து பெயரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்து இருக்கின்றன. எப்படித் தவறவிட்டேன் என்றே தெரியவில்லை.

சரி, ஒரு சந்தேகம். மிச்சம் இருக்கும் வரி எல்லாமே தடயம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஹாரி பாட்டர் நான்காம் பாகத்தில், வோல்டமார்ட்டின் மந்திரக்கோலிலிருந்து அவன் கொன்றவர்களின் நிழல்கள் வருகின்றன, கடைசியாகச் செத்தவர் முதலில். என்னிடம் இருக்கும் பழைய பிரதியில் ஹாரியின் அப்பா முதலில் வருகிறார், அம்மா பிறகு. அப்படியானால் அம்மாதான் முதலில் செத்தாரா? மற்ற பாகங்களோடு இது ஒத்தே வரவில்லை. இதற்குப் பின்னால் பெரிய ரகசியம் இருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பழம்பதிப்பு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பதிப்புகளை ஒப்பிடுவதுதான் என் வேலை. அது அச்சில் வந்துவிட்ட பிழை. 2000-இல் வந்த ஆரம்பப் பதிப்புகளில் அப்பா ஜேம்ஸ் முதலில் வருவார், பிந்தைய அச்சுகளில் அம்மா லில்லி முதலில் வருமாறு திருத்திவிட்டார்கள். திருத்தம் வருவதற்குள் இதை வைத்து நிறையப் பேர் நிறைய எழுதினார்கள். ஒரு தடயத்தின் மேல் பெரிய கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் பிந்தைய அச்சில் அந்த வரி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். மார்ட்டினிலும் இப்படி உண்டு, ஒருவரின் கண் நிறம் ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறு.

ஆனால் பதிப்பு மாற்றமே கதைக்குள் புதிராகிப் போன ஓர் இடமும் இருக்கிறது. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937-இல் வந்தபோது, விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக அதை வைத்திருக்கும் கோலம் (Gollum) என்ற குகைவாசி தானே ஒப்புக்கொள்வான். மோதிரத்தைக் காணோம் என்றதும் மன்னிப்புக் கேட்டு கதாநாயகன் பில்போவுக்கு வெளியே போகும் வழியைக் காட்டுவான். அடுத்து எழுதிய பெரிய கதையின்படி கோலம் அந்த மோதிரத்தை மனமுவந்து கொடுத்திருக்கவே முடியாது. அதனால் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். அதோடு விட்டிருந்தால் வெறும் திருத்தம். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முன்னுரைப் பகுதியில், முதலில் சொல்லப்பட்ட கதை பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று எழுதிவிட்டார். அவ்வளவு நேர்மையான ஆள் ஏன் அந்த ஒரு விஷயத்தில் பொய் சொன்னான்? மோதிரம் அவனை அப்போதே பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பழைய பதிப்பும் வீணாகாமல், கதைக்குள் ஒரு சாட்சியாகவே மாறிவிட்டது. இதைவிட அழகான திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

வரிக்குவரி:

பழம்பதிப்பு சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். மோதிரப் பொய்யை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

வெண்சிறகு, இந்தத் தொடர் முடிந்ததும் ஜீன் உல்ஃபின் 'தி புக் ஆஃப் த நியூ சன்' பக்கம் வாருங்கள். 1980-இல் தொடங்கிய நான்கு பாகங்கள். அங்கே கதை சொல்பவனுக்கே தான் பார்ப்பது என்னவென்று தெரியாது. ஒரு கிழவர் பழைய ஓவியத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கவசம் அணிந்த ஓர் உருவம், பாழ்நிலம், கையில் விறைத்து நிற்கும் கொடி, முகத்தை முழுக்க மறைக்கும் பொன்னிறத் தகடு, அதில் பாலைநிலத்தின் பிரதிபலிப்பு. அவன் அதை ஒரு வீரனின் படம் என்று விவரித்துவிட்டுப் போய்விடுவான். நமக்குத்தான் மெதுவாக உறைக்கும், நிலாவில் நிற்கும் விண்வெளி வீரர். அந்த ஒரு ஓவியத்திலிருந்து, கதை எவ்வளவு தொலைவான எதிர்காலத்தில் நடக்கிறது என்பது திறந்துகொள்ளும்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். முதல் பாகத்தில் நெட்டின் அத்தியாயங்கள் 15. அவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள், மற்றவர்களைத் தாண்டிவிடுங்கள். மார்ட்டின் கதையை ஆள் மாற்றி ஆள் சொல்வதே மறைப்பதற்கு வசதியாகிவிடுகிறது. ஒரு நினைவு வந்துபோய், அதே நினைவு மறுபடி வருவதற்குள் நாம் வடக்கே பனிச்சுவருக்கும் கடலுக்கு அப்பாலும் போய்வந்துவிடுகிறோம். தொடர்ந்து படித்தால் நெட் தன் தங்கை லியானாவுக்குக் கொடுத்த வாக்கு எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் எந்தச் சூழலில் வருகிறது என்பது கண்ணில் அடிக்கும். நீல ரோஜாக்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1998-இல் வந்த இரண்டாம் பாகத்தில் டனேரிஸ் காணும் காட்சிகளில் பனிச்சுவரின் வெடிப்பில் ஒரு நீலப் பூ பூத்திருக்கும், அங்கே நின்று யோசியுங்கள்.

வெண்சிறகு:

நெட்டின் அத்தியாயங்களில் ஒன்பது வரை வந்துவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் அத்தியாயத்தில், வின்டர்ஃபெல்லின் நிலவறையில் லியானாவின் வாக்கு வருகிறது. உடனே விளக்கமும் வந்துவிடுகிறது: அண்ணன், அப்பா பக்கத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று கேட்டாளாம். நீங்கள் சொன்ன அதே சமாதானம், கேட்காமலே. ஒன்பதாவதில் நெட், ராஜா ராபர்ட்டுக்கு முறைதவறிப் பிறந்த ஒரு குழந்தையைப் பார்க்கப் போகிறார். ராபர்ட் வாக்குக் கொடுப்பான், மறப்பான், நெட் அப்படியில்லை என்று ஒரு வரி. அதை ஒட்டியே, சாகும் தறுவாயில் லியானாவுக்குக் கொடுத்த வாக்குகளையும் அவற்றைக் காப்பாற்றக் கொடுத்த விலையையும் நினைக்கிறார். இப்போது அது வாக்குகள், ஒன்று இல்லை. தங்கையைக் கொண்டுவந்து சொந்த ஊரில் புதைப்பதற்கு என்ன விலை? அதில் ஒரு விலையும் இல்லையே.

வரிக்குவரி:

பிடித்துவிட்டீர்கள்! அதே அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். அந்தக் குழந்தையின் தாய்க்கும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு நெட் மழையில் குதிரையில் வருகிறார். அப்போது அவர் கண் முன்னால் யாருடைய முகம் வருகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.