யூபிஎஸ் இருந்தால் ஏசிங்க் போடலாமா?

கோத்தகிரிக்காரன்:
பள்ளிக்கூட லேப் பற்றிய இழையில் ஊட்டிசர்வர் இப்படி எழுதியிருக்கிறார்: “என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வர் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓடுகிறது. யூபிஎஸ் இருந்தால் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் (எதை எப்படிப் பகிர்வது என்ற பட்டியல்) ஏசிங்க் போட்டுவிடுங்கள், வேகம் பறக்கும், டேட்டா எங்கேயும் போகாது.” அதற்குக் கீழே நான்கு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். இது தப்பு. யாராவது நம்பிச் செய்துவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஏசிங்க் போட்டால், டிஸ்கில் எழுதும் முன்பே சர்வர் “எழுதியாச்சு” என்று பதில் சொல்லிவிடும். தேயிலையைத் தராசில் போடும் முன்பே எடைச்சீட்டு கொடுப்பது போல. சீட்டு கையில் இருக்கும், இலை இருக்காது.

ஊட்டிசர்வர்:
வந்துட்டார் ஐயா. எங்கேயும் போகாது என்றால் என்ன அர்த்தம்? மெமரியில் இருப்பதைச் சுமார் 30 விநாடியில் கர்னல் டிஸ்குக்குத் தள்ளிவிடும். அந்த 30 விநாடி கரண்ட் இருந்தால் போதும். அதற்குத்தான் யூபிஎஸ். நான் லேப் நடத்துகிறேன், எல்லா மெஷினுக்கும் ஹோம் டைரக்டரி (பிள்ளைகளின் சொந்தக் கோப்புகள்) சர்வரில்தான். காலையில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் லாகின் செய்தால் சிங்க்கில் (டிஸ்கில் எழுதிய பிறகே பதில் சொல்வது) சர்வர் திணறும். நீங்கள் வந்து பார்த்ததுண்டா?

கோத்தகிரிக்காரன்:
கரண்ட் போவதை மட்டும்தான் நினைக்கிறீர்கள். கர்னல் பேனிக் ஆனால், அதாவது கர்னலே பிழையில் நின்றுபோனால்? மெமரி கெட்டு மெஷின் உறைந்து நின்றால்? யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்? இதில் எதை யூபிஎஸ் தடுக்கும்?

கர்னலுக்குள் ஓடுகிறது என்பதைப் பாதுகாப்பு மாதிரி சொல்கிறீர்களே, அது நேர் எதிர். சம்பா (இன்னொரு கோப்புப் பகிர்வு சர்வர்) மாதிரி கர்னலுக்கு வெளியே ஓடும் ப்ராசஸ் செத்தால், அது எழுதச் சொல்லிக் கொடுத்த டேட்டா கர்னலின் பேஜ் கேச்சில் (டிஸ்குக்குப் போகும் முன் டேட்டா இருக்கும் மெமரி) பத்திரமாக இருக்கும். என்எஃப்எஸ்டி, அதாவது என்எஃப்எஸ் சர்வர், கர்னலுக்குள்ளேயே ஓடும் திரெட். அதில் விழும் அடி கர்னலையே சாய்த்தால் பேஜ் கேச்சும் சேர்ந்து போகும்.

புதுசு_குன்னூர்:
எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யணுமா அண்ணா?

ஊட்டிசர்வர்:
பேனிக் பேனிக் என்று பயமுறுத்தாதீர்கள். எத்தனையோ வருஷமாக ஓடுகிறது, ஒரு பேனிக் கூட வந்ததில்லை. வந்தாலும் 30 விநாடி டேட்டாதான். பையன் ஒரு வரி திரும்ப டைப் செய்வான்.

கோத்தகிரிக்காரன்:
உங்கள் லேபில் பையன் திரும்ப டைப் செய்வான். எங்கள் ஃபாக்டரியில் தேயிலைக்காரர் திரும்ப மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாரா?

நடந்ததைச் சொல்கிறேன். செட்டப் செய்தவர் (பெயர் வேண்டாம்) ஏசிங்க் போட்டுவிட்டுப் போயிருந்தார். வடகிழக்குப் பருவமழை நேரம். கரண்ட் இருந்தது, யூபிஎஸ் பேட்டரியும் ஃபுல். மெமரி ஸ்டிக் கெட்டு சர்வர் உறைந்தது, காவலாளி பட்டனை அழுத்தினார். பில்லிங் மெஷினில் “சேமிக்கப்பட்டது” என்று தெளிவாக வந்திருந்தது. திரும்ப பூட் ஆனபோது இலை எடைக் கோப்பின் ஒரு பாதி புதுசு, ஒரு பாதி பழசு. கோப்பே திறக்கவில்லை. 30 விநாடி டேட்டா போனது என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த 30 விநாடி கோப்பின் நடுவில் விழுந்தால் மொத்தக் கோப்பும் போச்சு.

ஊட்டிசர்வர்:
அது மெமரி ஸ்டிக்கின் தப்பு. ஈசிசி மெமரி (பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் மெமரி) போடாமல் ஃபாக்டரி சர்வர் வைத்தவரைக் கேளுங்கள். ஏசிங்க் மேல் பழி போடாதீர்கள். பேக்கப் எங்கே என்றும் கேட்க வேண்டியிருக்கு.

கொடை_நண்பர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சர்வர் விழுந்தால் கிளையன்ட் (சர்வரைப் பயன்படுத்தும் மெஷின்) காத்திருக்கும்தானே? ஹார்டு மவுண்ட்தானே (சர்வர் பதில் தரும்வரை விடாமல் முயல்வது) இயல்பு? சர்வர் திரும்பி வந்ததும் மீதியை அனுப்பிவிடும். எங்கள் பக்கம் மரம் விழுந்து லைன் போகும்போதெல்லாம் அப்படித்தான் பிழைக்கிறோம்.

கோத்தகிரிக்காரன்:
கொடை நண்பர் சொல்வது சிங்க்கில் சரி. ஏசிங்க்கில் அதுதான் உடைகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1995-இல் வந்த ஆர்எஃப்சி 1813 (இணைய நெறிமுறை ஆவணம்), அதாவது என்எஃப்எஸ்ஸின் மூன்றாம் பதிப்பு, இதை அழகாகத் தீர்த்தது. அதற்கு முன் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு ரைட்டும் (எழுதும் கோரிக்கையும்) டிஸ்கில் விழுந்த பிறகே பதில் வர வேண்டும், அதனால் மெதுவு. மூன்றாம் பதிப்பில் கிளையன்ட் “நிலையில்லாத” ரைட்டாக அனுப்பலாம். கடைசியில் கமிட் கேட்கும், அதாவது எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதச் சொல்லும். கமிட்டுக்குப் பதில் வரும்வரை டேட்டாவின் நகலைத் தன் மெமரியில் வைத்திருக்கும். சர்வர் நடுவில் ரீபூட் ஆனால், அது பதிலோடு அனுப்பும் ரைட் வெரிஃபயர் எண் மாறும். அதைப் பார்த்ததும் கிளையன்ட் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். நான்காம் பதிப்பிலும் இதே ஏற்பாடுதான்.

ஏசிங்க் போட்ட சர்வர் கமிட்டுக்கும் டிஸ்கில் எழுதாமலே “ஆச்சு” என்கிறது. கிளையன்ட் நம்பித் தன் நகலை விட்டுவிடுகிறது. அப்புறம் சர்வர் விழுந்தால் மறுபடி அனுப்ப யாரிடமும் எதுவும் இல்லை. பிழை என்றுகூட யாருக்கும் தெரியாது. ஹார்டு மவுண்ட் இருந்து என்ன பயன்?

ஊட்டிசர்வர்:
பாடம் எடுத்ததற்கு நன்றி வாத்தியாரே. மூன்றாம் பதிப்பில் கோப்பு உருவாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் சிங்க்கில் டிஸ்க் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். இதை ஏன் சொல்லவில்லை? சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் சாதாரண ஹார்டு டிஸ்கில் உயிர் போகும். உங்கள் ஆர்எஃப்சி அதற்கு என்ன சொல்கிறது?

கொடை_நண்பர்:
சர்வரின் திரெட் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கலாம் என்பது) ஏற்றிப் பாருங்கள். பல வருஷமாக 8 தான் இயல்பாக இருந்தது.

கோத்தகிரிக்காரன்:
திரெட்டுக்கும் டிஸ்குக்கும் சம்பந்தம் இல்லை. டிஸ்க் மெதுவு என்றால் டிஸ்கை மாற்றுங்கள். கரண்ட் போனாலும் எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி கிடைக்கிறது. அதைப் போட்டால் சிங்க்கே ஓடும். டிஸ்குக்குச் செலவு செய்ய மாட்டேன், பொய் சொல்லும் சர்வரை வைத்துக்கொள்வேன் என்றால் அது உங்கள் பள்ளிக்கூடம். ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்யாதீர்கள் தம்பி.

ஊட்டிசர்வர்:
தம்பி என்று கூப்பிடும் வேலையை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் சம்பா இழையிலும் இதே தோரணைதான். அப்போதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனீர்கள். ஏசிங்க் அவ்வளவு கெடுதல் என்றால் அந்த ஆப்ஷனை ஏன் வைத்திருக்கிறார்கள்? முன்பு அதுதானே டீஃபால்ட்?

கோத்தகிரிக்காரன்:
முன்பு டீஃபால்ட். என்எஃப்எஸ்-யூட்டில்ஸ் (என்எஃப்எஸ் கருவித் தொகுப்பு) 1.0.0-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் சிங்க்தான் டீஃபால்ட். ஏன் மாற்றினார்கள்? மேன் பக்கத்திலேயே (லினக்ஸ் கையேடு) எழுதியிருக்கிறது, சர்வர் ஒழுங்காக அணையாமல் ரீஸ்டார்ட் ஆனால் டேட்டா போகலாம், கெடலாம் என்று. சம்பா இழையில் நீங்கள்தான் பாதியில் போனீர்கள், போய்ப் பாருங்கள்.

ஊட்டிசர்வர்:
“போகலாம்”. போகும் என்று இல்லை. 30 விநாடி.

கோத்தகிரிக்காரன்:
திரும்ப 30 விநாடி. சரி, இலை வரத்து நேரத்தில் ஒரு நாள் எங்கள் தராசுப் பக்கம் வந்து நில்லுங்கள். 30 விநாடியில் ஒரு மூட்டை எடை ஏறிவிடும். அது ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி.

தேயிலைத்தோட்டம்:
யூபிஎஸ் பற்றி யாரும் பேசவில்லையே. குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தாங்கும் நேரம் குறையும். ஊட்டியில் ஜனவரி உறைபனியில் யூபிஎஸ்ஸை நம்பி ஏசிங்க்கா?

ஊட்டிசர்வர்:
எங்கள் பேட்டரி அறைக்குள் இருக்கிறது. கோத்தகிரியில் வராண்டாவில் வைப்பீர்களோ என்னவோ.

தேயிலைத்தோட்டம்:
நான் கோத்தகிரி இல்லை, கூடலூர். படித்துவிட்டு எழுதுங்கள்.

கொடை_நண்பர்:
குன்னூர் தம்பிக்கு: ரீஸ்டார்ட் வேண்டாம். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கமாண்டை ஆர்ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் போதும்.

கோத்தகிரிக்காரன்:
ஓட்டும் முன் அந்தக் கோப்பில் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. ஊட்டிசர்வருக்கு ஒரே கேள்வி, இரண்டு நாளாகப் பதில் இல்லை: கமிட்டுக்குப் பொய்ப் பதில் போன பிறகு, அந்த டேட்டா யாரிடம் இருக்கிறது?

ஊட்டிசர்வர்:
சர்வர் மெமரியில் இருக்கிறது. 30 விநாடி. யூபிஎஸ் இருக்கிறது. உங்கள் ஃபாக்டரியில் இப்போதாவது ஈசிசி மெமரி போட்டாச்சா, அதைச் சொல்லுங்கள் முதலில்.