வெயில் காலத்தில் பிலிம் கழுவும் தண்ணீர்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

கொக்குவிலில் இருந்து

கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். முதலில் என் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரின் பொதிகளில் அச்சிடப்பட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு உரியவை. எங்கள் கிணற்றில் விடியற்காலையில் அள்ளும் தண்ணீரே 28 பாகையில் இருக்கிறது. கூரையில் நிற்கும் கறுப்புத் தாங்கியின் தண்ணீரை மத்தியானத்தில் குழாயில் திறந்தால் கையை வைக்க முடியாது. சூட்டுக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். இல்ஃபோர்ட் நிறுவனத்தின் ஐடி-11 டெவலப்பரை மேலும் தண்ணீர் கலக்காமல் பயன்படுத்தும்போது அவர்களின் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 பாகையில் ஏழரை நிமிடம் வேண்டும். 30 பாகையில் அது ஏறக்குறைய மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நேரத்தில் டெவலப்பர் பிலிம் முழுவதிலும் சமமாக வேலை செய்வதில்லை என்பதால், வானம் உள்ள படங்களில் திட்டுத் திட்டாகக் கருமை தெரியும். ஊற்றவும் வடிக்கவும் எடுக்கும் அரை நிமிடம்கூட மூன்று நிமிடத்தில் பெரிய பங்குதான்.

ஆகையால் 20 பாகையைத் துரத்துவதை விட்டுவிட்டு 24 பாகையில் நிலைத்துவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்று தண்ணீர் கலந்தால் அதே பிலிமுக்கு 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் சுமார் 9 நிமிடம். இந்த நேரம் நிதானமாக வேலை செய்யப் போதுமானது. கலப்பதிலேயே குளிர்த்தும் வேலையும் முடிந்துவிடுகிறது. டெவலப்பர் 30 பாகையில் இருந்தால், அதற்குச் சம அளவான தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் 18 பாகைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன். 300 மில்லிலீற்றரும் 300 மில்லிலீற்றரும் சேர்ந்து 24 பாகையில் நிற்கும்.

அந்த 24 ஐ ஒன்பது நிமிடமும் காப்பாற்றுவதுதான் அடுத்த வேலை. மீன் ஏற்றும் றெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றில் பத்து லீற்றர் தண்ணீர் விட்டு, பிலிமைச் சுற்றிப் போட்டு மூடும் டாங்கையும், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ ஆகியவற்றின் போத்தல்களையும் கழுத்தளவு அதில் இறக்கி வைக்கிறேன். பத்து லீற்றர் தண்ணீரை 30 இலிருந்து 20 பாகைக்கு இறக்கக் கணக்குப்படி ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 24 பாகை போதுமென்றால் 600 கிராமுக்குள் முடிந்துவிடும். ஐசைச் சோடாப் போத்தல்களில் உறையவைத்து மூடியோடு போடுகிறேன். அளவு கூடிவிட்டால் போத்தலைத் தூக்கி வெளியே வைக்கலாம் என்பதே இதிலுள்ள வசதி. உதிரி ஐஸ் கரைந்தபின் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. டெவலப்பருக்குள் நேரடியாக ஐஸ் போடுவது கலவையின் வலிமையைக் குறைத்துவிடும்.

பலர் டெவலப்பரை மட்டும் குளிர்த்திவிட்டு, அடுத்து நேராகக் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பிலிமில் படத்தைத் தாங்கும் படலமான ஜெலற்றின், தண்ணீரில் ஊறிப் பொம்மியிருக்கும்போது, திடீரென்று பத்துப் பாகை ஏற்றத்தைத் தாங்காமல் நுணுக்கமாகச் சுருங்கி வெடிக்கக்கூடும். இன்றைய பிலிம்கள் தொழிற்சாலையிலேயே இறுக்கப்பட்டு வருவதால் அது அரிதாகவே நிகழ்கிறது என்றாலும், எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் அலசும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீருக்கு நாம் எங்கே போவது? இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறையில், டாங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து வடித்து, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக இருபது முறை கவிழ்த்தால் அலசல் முடிந்துவிடும். டாங்க் அளவில் மூன்று தடவை ஊற்றும் தண்ணீரைக் குளிர்த்துவது யாருக்கும் முடியும்.

யாழ். நகரில் ஸ்ரூடியோ நடத்தி ஓய்வுபெற்றவர்

தம்பி எழுதியது சரியே. ஆனால் அது மின்சாரம் உள்ள வீட்டுக்கான முறை. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகத்தான் இருந்தது. படம் எடுக்கும் தேவையோ நிற்கவில்லை. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் சனம் வந்துகொண்டே இருந்தது.

முதலில் எல்லாரும் சொன்னது மண்பானையைத்தான். பானையின் புறத்தில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். யாழ்ப்பாணம் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் நிழலான விறாந்தையில், காற்றுப் படும் இடத்தில், ஈரச் சாக்கு சுற்றி வைத்த பானை இரண்டு மூன்று பாகை இறங்கித் தரும். காற்று விழுந்து புழுங்கும் நாட்களில் அதுவும் இல்லை. வறண்ட ஊர்க்காரர்கள் பானையைப் புகழ்வதை நம்பி நாம் அதில் 20 பாகையை எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே தண்ணீரை மாற்றுவதைவிட மருந்தை மாற்றுவதே எங்களுக்குக் கைகொடுத்தது. கொடாக்கின் டி-76 டெவலப்பரில் நீரற்ற சோடியம் சல்பேற்றை, சூட்டுக்கு ஏற்ப லீற்றருக்கு 50 கிராம் முதல் 100 கிராம் வரை கரைத்துக்கொள்வோம். வெப்ப நாடுகளுக்கென்று கொடாக் நிறுவனம் நெடுங்காலமாகவே எழுதிவந்த வழி அது. கரைசலில் உப்பு மிகுந்திருப்பதால் ஜெலற்றின் அதிகம் தண்ணீர் குடித்துப் பொம்மாது. மருந்து உள்ளே இறங்குவதும் மெதுவாவதால் நேரமும் மிகச் சுருங்கிவிடாது. பளிங்காக விற்கும் சல்பேற் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் இரண்டே கால் மடங்கு நிறுத்துப் போட வேண்டும். டெவலப்பரிலேயே இருக்கும் சல்பைற்றை இதற்குப் பதிலாகக் கூட்டிவிடாதீர்கள். அது வேறு வேலை செய்யும்.

அடுத்தது குரோம் படிகாரம். லீற்றருக்கு 30 கிராம் குரோம் படிகாரமும் 60 கிராம் நீரற்ற சோடியம் சல்பேற்றும் சேர்த்த ஸ்டாப் பாத்தில் பிலிமை மூன்று நிமிடம் வைத்தால், இறக்கிய முதல் அரை நிமிடமாவது விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தால், ஜெலற்றின் இறுகிவிடும். புதிதாகக் கரைத்தபோது குண்டு பல்ப் வெளிச்சத்தில் ஊதா நீலமாக இருக்கும் அந்தக் கரைசல், வேலை செய்து களைத்ததும் மஞ்சள் பச்சைக்கு மாறும். பச்சையானபின் அதை நம்பியவர்களின் நெகட்டிவ்களைப் பார்த்திருக்கிறேன்: ஓரம் அடிப்படலத்தை விட்டுக் கிளம்பிப் பாவாடைக் கொசுவம் போல நெளிந்து நிற்கும், பெருவிரல் பட்ட இடத்தில் ரேகை அப்படியே பதிந்திருக்கும்.

நேரமும் முக்கியம். ஓட்டுக் கூரை பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும் என்பதால், இரவில் கழுவுவது குளிர்ச்சி என்ற எண்ணம் ஓட்டு வீட்டுக்குப் பொருந்தாது. விடியற்காலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வேலையை முடித்துவிடுவோம். இடைப்பேச்சாக இன்னொன்று: பழைய ஹைப்போவையும் குரோம் கரைசலையும் வளவில் ஊற்றாதீர்கள். நம் நிலத்தடி சுண்ணாம்புக் கல். ஊற்றியது வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்விடும்.

பாசையூரில் இருந்து

ஐயா சொன்ன காலத்தை நான் அறியேன். 2022 ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது எங்கள் வீட்டில் ஐஸ் உறைவதே நின்றுபோனது. அப்போது மீன் சந்தைக்குக் கொண்டுவரும் ஐஸ் கட்டியை உடைத்து வாங்கிப் பயன்படுத்தினேன். இன்றும் அதையே செய்கிறேன். அது குடிக்கும் ஐஸ் அல்ல. மீன் செதிலும் உப்பும் அதில் ஒட்டியிருக்கும். ஆகையால் டாங்கைச் சூழ்ந்த பெட்டித் தண்ணீருக்கு மாத்திரமே அதைப் போட வேண்டும். டாங்கின் மூடி வரை தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் கவிழ்த்து ஆட்டும்போது மூடி இடுக்கில் நிற்கும் தண்ணீர் உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் டாங்கைத் தூக்கியதும் துணியால் ஒற்றிவிட்டே கவிழ்க்கிறேன்.

கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீரை நான் பயன்படுத்துவதில்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு காய்ந்த நெகட்டிவிலும் வட்டம் வட்டமாக நிற்கும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி, அதையும் அதே ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

நெல்லியடியில் இருந்து

கலர் பிலிம் கழுவுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 பாகையில் இருக்க வேண்டும். நேரம் மூன்றே கால் நிமிடம். குளிர் நாட்டவர்கள் மணிக்கணக்காக அடுப்பில் வைத்துக் காக்கும் அந்தச் சூட்டை நமக்குப் பங்குனி வெயிலே முக்கால்வாசி தந்துவிடுகிறது. ஆனால் இங்கே கால் பாகை வித்தியாசமும் நிறத்தில் தெரியும் என்பதால், தாங்கித் தண்ணீர் சூடாகத்தானே வருகிறது என்று வெப்பமானி இல்லாமல் இறங்குவதை ஏற்க மாட்டேன். நான் கறுப்பு வெள்ளையை மார்கழி, தை மாதங்களுக்குச் சேர்த்து வைத்துவிட்டு, கோடையில் கலர் மட்டும் கழுவுகிறேன்.

மீண்டும் கொக்குவிலில் இருந்து

நெல்லியடி நண்பரின் வழி நல்லதுதான். ஆனால் சித்திரையில் எடுத்ததைப் பார்க்க மார்கழி வரை காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை. ஐயா சொன்ன சல்பேற் முறையை 28 பாகைக் கிணற்றுத் தண்ணீரிலேயே, பெறுமதியில்லாத ஒரு பிலிமில் செய்து பார்த்து எழுதுகிறேன்.

தனியாகக் கேட்ட ஒருவருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். கரைத்த டெவலப்பர் போத்தலையே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம். மிகக் குளிர்ந்தால் கரைந்திருக்கும் பொருட்கள் பளிங்காக அடியில் இறங்கக்கூடும், அவை திரும்பக் கரைந்தனவா என்று பழுப்புப் போத்தலுக்குள் பார்ப்பதும் கடினம். கலக்கப் போகும் தண்ணீரை மட்டும் உள்ளே வையுங்கள். டெவலப்பர் வீட்டின் இருண்ட மூலையில், தரையில் இருக்கட்டும். அளக்கும்போது வெப்பமானியைக் கலவையில் ஒரு நிமிடமாவது விட்டு, கிளறிய பிறகே வாசியுங்கள். குளிர்ந்த தண்ணீர் அடியில் தங்கும் என்பதால், கிளறாத குவளையின் மேலேயும் கீழேயும் இரண்டு வெவ்வேறு எண்கள் கிடைக்கும்.